வாசகர் கேள்வி: பின்னல் தொப்பியும் தொங்கும் நட்சத்திரங்களும்

கேள்வி: குளிர்காலத்துக்காக வீட்டிலேயே குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) தொப்பியும் அலங்கார நட்சத்திரங்களும் பின்னுகிறேன். தொப்பியின் உச்சி வட்டம் ஓரத்தில் அலை அலையாக நெளிகிறது. நட்சத்திரங்களோ துவண்டு தொங்குகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: வட்டம் நெளிவதற்குக் காரணம் பெரும்பாலும் தையல்கள் அளவுக்கு மிஞ்சிக் கூடுவதே. சிங்கிள் குரோஷே என்னும் குட்டைத் தையலில் முதல் சுற்றில் 6 தையல்களுடன் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 6 மட்டுமே கூட்டி, 12, 18, 24 என்று வளர்த்தால் வட்டம் தட்டையாக அமையும். அதைவிடக் குறைத்தால் கிண்ணம்போல் குழியும். உயரமான தையலான டபுள் குரோஷே என்றால் 12 தையல்களில் தொடங்கிச் சுற்றுக்கு 12 கூட்டுங்கள். சுற்று முடியும் இடத்தில் வண்ண நூல் துண்டு ஒன்றைச் செருகி வைத்தால் எண்ணிக்கை தவறாது. இந்தச் சிறு பழக்கத்தை நான் மிகவும் வலியுறுத்துவேன். தலைச்சுற்றளவை 3.14-ஆல் வகுத்து, வருவதில் சற்றுக் குறைத்துக்கொண்டால் உச்சி வட்டத்தின் குறுக்களவு கிடைக்கும். 56 செ.மீ. தலைக்கு ஏறக்குறைய 17 செ.மீ. போதும். அந்த அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்தி நேராகப் பின்னுங்கள்.

நட்சத்திரங்களுக்குக் கம்பளியைவிட மெல்லிய பருத்தி நூலே ஏற்றது, ஏனெனில் அது விறைப்பேற்றும் கரைசலை நன்றாக உறிஞ்சும். வெள்ளைப் பசையையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, பின்னலை அதில் நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் தாள் விரித்த தடித்த அட்டையின்மேல் முனைகளை இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் குத்தி, முழுதாக உலரும்வரை அசைக்காமல் விடுங்கள். சர்க்கரைப் பாகிலும் விறைப்பேற்றலாம். ஆனால் அது எறும்புகளை ஈர்க்கும், ஈரக்காற்றில் பிசுபிசுக்கும் என்பதால் பசையையே பரிந்துரைக்கிறேன்.