கறுப்பினத் தோழியுடன் ஸ்பெயின் பயணம்: நிறவெறி பற்றிய அவருடைய பயத்துக்கு நான் என்ன சொல்வது?

லண்டனில் உங்களோடு வேலை பார்க்கும் நைஜீரிய வம்சாவளித் தோழியும் நீங்களும் ஸ்பெயின் போகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். கறுப்பினப் பெண்ணான தனக்கு அங்கே என்ன நடக்குமோ என்று அவர் தயங்குகிறார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வா" என்று சொல்லிக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவு செய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். இல்லை என்று நீங்கள் சொன்னால், நாளைக்கு ஏதாவது நடந்தால்கூட உங்களிடம் சொல்ல மாட்டார்.

ரோசலிண்ட் வில்லியம்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, 1969லேயே ஸ்பெயின் குடியுரிமை பெற்றவர். 1992 டிசம்பர் 6 அன்று கணவர், மகனோடு மாட்ரிட்டிலிருந்து ரயிலில் வந்து வயாதோலித் ஸ்டேஷனில் இறங்கினார். ஒரு போலீஸ்காரர் வந்து அவரிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார். கூட நின்ற கணவரிடம் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டபோது, இவரைப் போன்ற நிறத்தவர்களைச் சோதிக்கும்படி உத்தரவு என்று பதில் வந்தது. அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். 2001ல் ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம், ஒருவர் வெளிநாட்டவரா என்று கணிக்கத் தோற்றத்தைப் பார்ப்பதில் தவறில்லை என்று சொல்லி அவரைக் கைவிட்டது. அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். 2009ல் அந்தக் குழு, அவருக்கு நடந்தது இனப்பாகுபாடுதான் என்று முடிவு சொன்னது. ஒரு நிமிடச் சோதனைக்கு 16 வருடங்களுக்கு மேல் போராட வேண்டியிருந்தது, அதுவும் சொந்தக் குடிமகளுக்கு. உங்கள் தோழி சுற்றுலாப் பயணி.

ஸ்பெயினை மட்டும் குறை சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2023ல் வெளியிட்ட ஆய்வில், 13 நாடுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரில் 45 சதவீதம் பேர் முந்தைய ஐந்து ஆண்டுகளில் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இது 70 சதவீதத்தைத் தாண்டியது. அங்கேயே வீடு தேடி, வேலை தேடி வாழ்கிறவர்களின் கணக்கு இது. சில நாட்கள் வந்து போகிறவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் "இந்தக் காலத்தில் யார் அப்படியெல்லாம் பார்க்கிறார்கள்" என்கிற பேச்சுக்கு இதுவே பதில்.

இன்னொன்று. நாமும் கறுப்புதானே, நமக்கும் இதெல்லாம் நடக்கிறதே என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நடக்கிறதுதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பர்மிங்காமில் வளர்ந்த, கானா நாட்டுப் பூர்வீகம் கொண்ட, என் சக ஊழியரான தோழியுடன் ஸ்பெயினில் ஒரு ஊரில் தங்கியபோது, வரவேற்பு மேசையில் இருந்தவர் எனக்கு வணக்கம் சொல்லி உள்ளே அனுப்பினார். பின்னால் வந்த அவரை நிறுத்தி, எந்த அறை விருந்தாளியைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். அறை பதிவானதே அவர் பெயரில்தான். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று அவருக்கு உடனே புரிந்தது. இரவில் தனியாக வரும் கறுப்பினப் பெண் என்றால் பாலியல் தொழிலாளியாகத்தான் இருப்பார் என்கிற எண்ணம். தெருவில் ஆண்கள் வந்து விலை கேட்பது வரை இது போகும். இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் தனியாகப் போன கறுப்பினப் பெண்கள் பலர் இதை எழுதியிருக்கிறார்கள். நிறத்தோடு பெண் என்பதும் சேரும்போது வருகிற அவமானம் இது. என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அன்று அவர் சத்தம் போடவில்லை. புகார்ப் படிவம் கொடுங்கள் என்றார், அவ்வளவுதான். ஸ்பெயினில் 'ஓகாஸ் தே ரெக்லமாசியோனெஸ்' என்று அரசாங்கப் படிவம் உண்டு. ஹோட்டல், உணவகம், கடை எல்லாம் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொன்னதுமே எதிரில் இருந்தவரின் முகம் மாறியது. நீங்கள் இருவரும் அந்தச் சொற்களைப் பழகிக்கொண்டு போங்கள். சேவை மறுக்கப்பட்டால் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமே 2000ஆம் ஆண்டின் இனச் சமத்துவ உத்தரவு இருக்கிறது. அதே ஸ்பெயின் 2022ல் பாகுபாட்டுக்கு எதிராகத் தனிச் சட்டமும் போட்டது.

அப்புறம் விமான நிலையம். பின்னல் போட்ட, அடர்த்தியான தலைமுடிக்கு ஸ்கேனர் காரணமே இல்லாமல் ஒலி எழுப்புவதுண்டு, உடனே முடிக்குள் கை விடுவார்கள். பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும், தனி அறையில் வேண்டும் என்று கேட்கலாம். நீங்கள் சாட்சியாகக் கூடப் போங்கள். தெருவில் போலீஸ் கேட்டால் காட்டுவதற்குப் பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருக்கட்டும். வெளிநாட்டவர் ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், அந்த இடத்தில் வாதம் செய்து பயனில்லை. அதிகாரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இடம், நேரம் எழுதி வையுங்கள்.

தங்குமிடத்துக்குப் பொதுவான மதிப்பெண்களைப் பார்க்க வேண்டாம். கறுப்பினப் பெண்கள் எழுதிய பயண அனுபவங்களைத் தேடிப் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் யார் என்பது இங்கே முக்கியம். ஸ்பெயினில் கறுப்பினத்தவர் இல்லை என்றும் நினைக்காதீர்கள். எக்குவடோரியல் கினி 1968 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நாடு, அங்கிருந்து வந்தவர்கள் பல காலமாக இருக்கிறார்கள். மாட்ரிட்டில் லாவாபியேஸ் பகுதியில் செனகல் நாட்டு உணவகங்கள் உண்டு. முதல் நாள் மாலை அங்கே போய்ச் சாப்பிட்டபோது என் தோழி சாய்ந்து உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்தேன். அவர் எவ்வளவு விறைப்பாக நடந்து வந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

டிக்கெட் போடுவதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள். ஏதாவது நடந்தால் நான் பேசவா, நீயே பேசுவாயா, அல்லது பேசாமல் அங்கிருந்து கிளம்பிவிடலாமா? சிலருக்கு நாம் குறுக்கே பேசுவது பிடிக்காது, சிலருக்கு நாம் வாய் மூடி நிற்பதுதான் அதிகம் வலிக்கும். அவர் சொல்கிறபடி செய்யுங்கள். இதையெல்லாம் பேசிய பிறகும் வேறு நாட்டுக்குப் போகலாம் என்றால் சரி, அதையும் ஏன் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.