ஒட்டிய செயற்கை நகத்தை வீட்டிலேயே பத்திரமாகக் கழற்றுவது எப்படி?

கல்யாணத்துக்குப் போட்ட செயற்கை நகம் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கடைக்குப் போகாமல் நாமே கழற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஒரு பகல் பொழுதை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் கல்யாணக் களேபரம் ஓய்ந்ததும் இதற்கு என்னிடம்தான் வருவார்கள். யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: தூக்கியிருக்கும் ஓரத்தில் எதையும் விட்டு நெம்பாதீர்கள். பிய்த்து எடுத்தால் உங்கள் சொந்த நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து உரிந்து வரும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். மெலிந்துபோன நகம் முழுசாக வளர்ந்து மாற ஆறு மாதம்கூட ஆகலாம்.

அடுத்தது, உங்கள் விரலில் இருப்பது எந்த வகை? பசை தடவி ஒட்டும் பிரஸ்-ஆன் என்றால் சுலபம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் வந்துவிடும். அக்ரிலிக் (பவுடரும் திரவமும் குழைத்துப் பூசுவது), ஜெல் பாலிஷ் (விளக்கொளியில் இறுகும் பூச்சு), டிப் பவுடர் (நகத்தைப் பவுடரில் தோய்த்துப் போடுவது) இவற்றுக்கு அசிட்டோன் என்ற கரைப்பான் வேண்டும். ஹார்டு ஜெல் (விளக்கொளியில் கெட்டியாக இறுகும் ஜெல்) அசிட்டோனில் கரையாது, ராவித்தான் எடுக்க வேண்டும். அதைப் பழகியவர் கையில் விட்டுவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் போட்டுவிட்டவரிடமே கேட்டுவிடுங்கள்.

பார்மஸியில் சுத்தமான அசிட்டோன் கிடைக்கும். 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்டிருக்கும் ரிமூவர் சாதாரண நகப்பூச்சுக்குத்தான் ஆகும்.

அசிட்டோனைத் திறப்பதற்கு முன் வீட்டில் எங்கே நெருப்பு இருக்கிறது என்று பாருங்கள். தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு பரவிக் கொஞ்ச தூரம் போகும். நம் வீடுகளில் சாயங்காலம் காமாட்சி விளக்கு எரியும். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு வந்தால் மெழுகுவர்த்தி, பாரஃபின் (மண்ணெண்ணெய்) விளக்கு, கேஸ் அடுப்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் வேண்டாம். பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். அசிட்டோனை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடு பண்ணவே கூடாது. சில பிளாஸ்டிக்கையும் மேசை வார்னிஷையும் அது அரித்துவிடும். அதனால் கண்ணாடிக் கிண்ணம் எடுங்கள், கீழே பழைய துண்டு ஒன்று விரித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி நர்ஸ். நோயாளியைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் போடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதனால் கல்யாணம் முடிந்து டியூட்டிக்குத் திரும்புமுன் அவளுக்குக் கழற்றியாக வேண்டும். முதலில் நீளத்தை வெட்டிவிடுவேன். பிறகு மேலே இருக்கும் பளபளப்புப் போகும்வரை கரடான ஃபைலால் ராவுவேன். சொந்த நகம் தெரிய ஆரம்பிப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்தத் தூசி மூக்கில் போகாமல் மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாசலினைத் தாராளமாகத் தடவி, அசிட்டோனில் நனைத்த சிறு பஞ்சை நகத்தின் மேல் மட்டும் வைத்து, விரல் நுனியை அலுமினியம் ஃபாயிலால் இறுக்கமாகச் சுற்றிவிடுவேன். ஜெல் பாலிஷுக்கு 10 முதல் 15 நிமிடம், அக்ரிலிக்குக்கு 20 முதல் 30 நிமிடம்.

எல்லா விரலையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அக்ரிலிக் ஊறிய அப்பளம் மாதிரி கொழகொழத்திருக்க வேண்டும். மரக்குச்சியால் தோலை ஒட்டிய பக்கத்திலிருந்து நுனிப் பக்கமாகத் தள்ளினால் தானே வழியும். குச்சிக்குப் பலம் கொடுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். புதுப் பஞ்சு வைத்து மறுபடியும் சுற்றுங்கள். வெகுநேரம் ஊறியும் இளகவே இல்லையென்றால் அது ஹார்டு ஜெல்லாக இருக்கலாம், அல்லது மீத்தைல் மெத்தாக்ரிலேட் என்ற ரசாயனம் கலந்த மலிவு அக்ரிலிக்காக இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் போங்கள்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நகத்திலும் சுற்றியுள்ள தோலிலும் எண்ணெய் தேயுங்கள். அசிட்டோன் ஈரப்பசையை உறிஞ்சிவிடுவதால் நகம் வெளுத்துத் தெரியும், எண்ணெய் தேய்க்கத் தேய்க்கச் சரியாகிவிடும். சில வாரம் எண்ணெயை விடாதீர்கள், நகத்தையும் குட்டையாகவே வைத்திருங்கள். பச்சை நிறம், சீழ், வீக்கம், விடாத அரிப்பு இதில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அதன் மேல் புது செட் போட்டு மறைக்க வேண்டாம்.