வாய்வழி உறவும் எய்ட்ஸ் பயமும் – ஒரு கடிதம்

வணக்கம். வயது 28. நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, கல்யாணத்துக்கு இன்னும் இரண்டரை மாதம். 19 நாளுக்கு முன் வெளியூரில் முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்கு வாய்வழி உறவு செய்தார். ஆணுறை இல்லை. வேறு எதுவும் நடக்கவில்லை. அறைக்கு வந்ததும் டெட்டால் ஊற்றிக் கழுவினேன். மெடிக்கலில் கேட்டு மூன்று நாள் அசித்ரோமைசின் சாப்பிட்டேன். 4, 9, 15-ஆம் நாட்களில் எச்ஐவி டெஸ்ட் எடுத்தேன், மூன்றும் நெகட்டிவ். ஆனாலும் சிறுநீர் போகும்போது எரிகிறது. நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறது, பின்பக்கம் வரிசையாகப் புடைப்புகள். சீழ் வருகிறதா என்று தினமும் பத்து முறையாவது பிதுக்கிப் பார்க்கிறேன். தூக்கம் போய்விட்டது. எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டதா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் எச்ஐவி. உங்களுக்கு நடந்தது, இன்னொருவர் வாய் உங்கள் உறுப்பில் பட்டது. எச்ஐவி எச்சிலால் பரவுவதில்லை. எச்சிலில் அந்த வைரஸ் மிகக் குறைவு, அதை முடக்கும் புரதங்களும் அதிலேயே இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு எச்ஐவி இருந்திருந்தாலும்கூட, இந்த வழியில் உங்களுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து ஒன்று உண்டு. இது மாதிரிச் சம்பவத்துக்கு அதை மருத்துவர்கள் பொதுவாக எழுதித் தருவதே இல்லை.

நீங்கள் எடுத்த மூன்று டெஸ்டுகளும் பணத்துக்குக் கேடு. நான்காம் தலைமுறை டெஸ்ட் (ரத்தத்தில் பி24 என்ற வைரஸ் புரதத்தையும் எதிர்ப்பணுக்களையும் சேர்த்துத் தேடுவது) தொற்று இருந்தால் 18 முதல் 45 நாளுக்குள் காட்டும். எதிர்ப்பணுவை மட்டும் பார்க்கும் ரேபிட் டெஸ்டுக்கு 90 நாள் வரை ஆகலாம். நான்காம் நாள் நெகட்டிவுக்கு அர்த்தமே கிடையாது. அது உங்களுக்கும் உள்ளூரத் தெரியும், அதனால்தான் ஒன்பதாம் நாள் மறுபடி லேபுக்கு ஓடினீர்கள். 45-ஆம் நாள் ஒரே ஒரு முறை நான்காம் தலைமுறை டெஸ்ட் எடுங்கள். விரலில் குத்தி எடுப்பது வேண்டாம், நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்ப்பது. அது நெகட்டிவ் என்றால் கதை முடிந்தது.

இந்த வழியில் உண்மையில் வரக்கூடியவை வேறு பால்வினை நோய்கள். தொண்டையில் கொனோரியா இருப்பவருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது, அதனால் அறியாமலே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆண்களுக்கு அது 2 முதல் 7 நாளில், சில சமயம் இரண்டு வாரத்தில், மஞ்சளான சீழாக வெளிப்படும். ஜட்டியில் கறை படியும், பிதுக்கித் தேட வேண்டியிருக்காது. கிளமிடியா இப்படிப் பரவுவது குறைவு, ஆனால் வந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் லேசான எரிச்சல் மட்டுமே தெரியலாம். வாயில் குளிர்க்கொப்புளம் வருபவரிடமிருந்து ஹெர்பிஸ் வரலாம்: 2 முதல் 12 நாளில் கொத்தாகச் சிறு கொப்புளம், உடைந்தால் கடுமையாக வலிக்கும். சிபிலிஸ் 10 முதல் 90 நாளுக்குள் வலியே இல்லாத ஒரு புண்ணாகத் தொடங்கும். இவற்றில் ஹெர்பிஸ் உடலில் தங்கிவிடும், ஆனால் மாத்திரைக்கு அடங்கும். மற்ற மூன்றும் முழுதாகக் குணமாகும்.

இப்போது உங்கள் எரிச்சல். சிறுநீர்த் துவாரத்தின் உட்தோல் மிக மெல்லியது. தினமும் பத்து முறை பிதுக்கினால் அது புண்பட்டுச் சிவக்கும், பசை போல ஒரு சொட்டும் வரும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் பிதுக்குவீர்கள். நீர் கலக்காத டெட்டால் தன் பங்குக்கு அந்தத் தோலைப் பொசுக்கியிருக்கும். ஊகத்தில் விட வேண்டாம், சிறுநீரில் கொனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் பிசிஆர் டெஸ்ட் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) கொடுங்கள். இரண்டு வாரம் தாண்டிவிட்டதால் இப்போதே கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம். கிருமி கல்ச்சருக்குக் கேட்பது போல "நடுச் சிறுநீர் பிடித்து வாருங்கள்" என்று லேபில் பழக்கதோஷத்தில் சொல்லிவிடுவார்கள். இதற்கு வேண்டியது முதலில் வரும் 20 மில்லிதான், அதுவும் குறைந்தது ஒரு மணி நேரம் போகாமல் இருந்துவிட்டு, கழுவித் துடைக்காமல். நடுச் சிறுநீர் கொடுத்தால் இருக்கிற தொற்றும் தப்பிவிடும். அசித்ரோமைசின் சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அரைகுறை ஆன்டிபயாடிக் நோயை முழுதாகக் கொல்லாமல் டெஸ்டை மட்டும் குழப்பும். கொனோரியாவுக்கு இன்று கொடுப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசி, கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, ஏழு நாள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் விஷயம் இல்லை.

நாக்கின் பின்பக்கப் புடைப்புகள் எல்லோருக்கும் உள்ள, சுவை மொட்டுகளைத் தாங்கிய மேடுகள், தலைகீழ் ‘வி’ வடிவில் 8 முதல் 12 வரை இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தது இப்போதுதான், அவ்வளவே. வெள்ளைப் படிவு, சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் வாய் உலர்ந்துபோவதால் வருவது.

சிபிலிஸுக்கு விடிஆர்எல், டிபிஹெச்ஏ என்ற இரண்டு ரத்த டெஸ்டுகளையும் எச்ஐவி டெஸ்டோடு சேர்த்து ஒருமுறை, 12 வாரத்தில் ஒருமுறை. விடிஆர்எல் மட்டும் 1:2, 1:4 என்று குறைந்த அளவில் பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். வேறு காய்ச்சல்களிலும் அப்படிப் பொய்யாகக் காட்டுவதுண்டு, டிபிஹெச்ஏ-தான் தீர்ப்பு சொல்லும். ஹெர்பிஸுக்கு ரத்த டெஸ்ட் எடுக்கவே எடுக்காதீர்கள். கொப்புளம் இல்லாமல் எடுத்தால் பொய் பாசிட்டிவ் வந்து இன்னொரு ஆறு மாதத் தூக்கம் போகும். பல ஆயிரம் ரூபாய் 'முழு எஸ்டிடி (பால்வினை நோய்) பேக்கேஜ்'களில் அதைத்தான் முதலில் சேர்த்திருப்பார்கள். 12 வார டெஸ்ட் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே முடிந்துவிடும்.

எச்ஐவி, சிபிலிஸ் டெஸ்டுகளை அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்ற எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையத்திலேயே இலவசமாக எடுக்கலாம். அங்கே ரேபிட் டெஸ்ட் என்றால் எச்ஐவிக்கு 90 நாள் கணக்கு. ஆலோசகர் தனியாகப் பேசுவார். உங்கள் டெஸ்ட் முடிவை உங்கள் சம்மதமின்றிப் பொதுவாக யாரிடமும் சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் சொல்கிறது. போகத் தயக்கம் என்றால் முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

இனி பயம். கல்யாண நேரத்தில் இப்படி ஒன்று நடந்துவிட்டதே என்ற குற்றவுணர்ச்சிதான் உங்களிடம் எய்ட்ஸ் பயமாக வேஷம் கட்டியிருக்கிறது என்பது என் கணிப்பு. குற்றவுணர்ச்சிக்கு எந்த லேபும் நெகட்டிவ் ரிப்போர்ட் தராது. ஒவ்வொரு டெஸ்டும் அரை நாள் நிம்மதி கொடுத்து, அடுத்த சந்தேகத்தைக் கூட்டிவரும். டெஸ்ட் தேதிகளைக் காலண்டரில் குறித்துவிட்டு, நடுவில் லேப் பக்கம் போகாதீர்கள். பிதுக்குவதை இன்றே நிறுத்துங்கள், எரிச்சல் ஒரு வாரத்தில் குறைவதை நீங்களே பார்க்கலாம். கூகுளில் தேடும் ஆசை வந்தால் மாலை ஆறு மணிக்கு என்று தள்ளிப் போட்டு, அப்போது பதினைந்து நிமிடம் மட்டும் உட்கார்ந்து கவலைப்படுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் மனநல ஆலோசகர்கள் சொல்லித் தரும் முறைதான் இது.

45-ஆம் நாள் நெகட்டிவ் வந்த பிறகும் "லேப் தப்பு செய்திருக்குமோ" என்று தோன்றினால், நீங்கள் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. அது சுழல் எண்ண நோயாக (ஓசிடி) இருக்கலாம். அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு, நன்றாகக் கேட்கும். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். "உறவுக்குப் பின் நோய் பயம், டெஸ்ட் எடுத்தும் நிற்கவில்லை" என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.