திருவாதிரை: இருவர் கண், இரண்டு எண்

கேள்வி: ஒரே மொட்டை மாடியில் நின்று நானும் நண்பரும் திருவாதிரையின் பிரகாசத்தைக் கணித்தோம். எனக்கு 0.3, அவருக்கு 0.8. செயற்கைக்கோள்கள் அளக்கும் காலத்தில் இந்தக் கண்ணளவால் என்ன பயன்?

பதில்: எந்த விண்மீனோடு ஒப்பிட்டீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே! விண்மீன் பிரகாச அளவில் எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். அண்ணாந்து பார்த்து வாயில் வந்த எண்ணைச் சொன்னால் அரை அளவென்ன, ஒரு முழு அளவே வேறுபடும்.

இரண்டில் எது பிரகாசம் என்று சொல்லத்தான் கண்ணுக்குத் தெரியும். அதை வைத்தே 1844இல் ஜெர்மனியின் வானியலாளர் ஆர்கெலாண்டர் ஒப்பிட்டுக் கணிக்கும் முறை வகுத்து, ஆர்வலர்களை உதவிக்கு அழைத்தார். திருவாதிரை போலப் பிரகாசம் கூடிக் குறையும் மாறும் விண்மீன்களுக்காக 1911இல் ஆல்காட் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கம் வளர்ந்ததும் இப்படிப்பட்டவர்களால்தான். இன்றைய வங்கதேசத்து ஜெசூரில் கருவூல எழுத்தராக இருந்த ராதா கோபிந்த சந்திரா 37,000க்கும் மேற்பட்ட கணிப்புகளை அனுப்பினார். சங்கம் அவருக்குக் கொடுத்த 6 அங்குலத் தொலைநோக்கி பிற்பாடு வானியலாளர் வைணு பாப்புவிடம் போய், நம் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். திருவாதிரைக்குக் கிழக்கே உள்ள புரோசியான் விண்மீன் 0.4, ரோகிணி 0.9. திருவாதிரை இவற்றுக்கு நடுவே எங்கே நிற்கிறது? புரோசியானிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு இறங்கியிருந்தால் 0.6. ரோகிணியைவிட மங்கல் என்றால் வேறு ஜோடி தேடுங்கள். மூன்றும் அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் ஏறும்வரை பொறுங்கள். தாழ்ந்திருப்பதைக் காற்று மங்கலாக்கிவிடும். முன்மாலையில் புரோசியானுக்கு அந்தக் கதிதான்.

உங்கள் 0.3 எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். திருவாதிரை சிவப்பு. சிவப்பை உற்றுப் பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவதாகத் தோன்றும். ஆகவே சட்டென ஒரு பார்வை, உடனே அடுத்த விண்மீன். இருட்டில் 20 நிமிடம் பழகிய பிறகே தொடங்குங்கள். இடையில் கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. நண்பர் சொன்ன எண் காதில் விழக் கூடாது. போன வாரத்து எண்ணையும் புரட்டாதீர்கள், கண் அதையே திருப்பிச் சொல்லும். தேதி, நேரம், ஒப்பீட்டு விண்மீன்கள் மூன்றையும் குறிக்காத எண்ணை யாரும் சீண்ட மாட்டார்கள்.

செயற்கைக்கோளா? திருவாதிரை மாதிரிப் பளிச்சென்றவை நுண்ணிய உணரிகளைத் திணறடித்துவிடும். திடீரெனப் பிரகாசம் பொங்கும் இரட்டை விண்மீன்களை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பார்க்கப்போகுமுன், அவை அடங்கியிருக்கின்றனவா என்று ஆர்வலர்களிடம்தான் கேட்டார்கள். பொங்கும் நேரத்தில் திருப்பியிருந்தால் ஹபிளின் புற ஊதா உணரி பாழாகியிருக்கும்.