அப்பாவின் வேலை ஆடிக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளை குடிக்கத் தொடங்குமா?

கணவரின் அலுவலகத்தில் ஆறு மாதமாக ஆட்குறைப்புப் பேச்சு ஓடுகிறது, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் சீக்கிரமே குடிக்கத் தொடங்கிவிடுவார்களாமே, 15 வயது மகனை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இது நடந்தது. பிறகு சமூகவியல் படித்தபோது இந்த விஷயத்தை நான் விடாமல் துருவியதற்கும் அதுதான் காரணம்.

அப்போது அண்ணனுக்கு 16, எனக்கு 13. அப்பா வேலை செய்த நிறுவனத்தில் ஒரு பிரிவை மூடப்போவதாகச் செய்தி கசிந்தது. இரண்டு வருடம் அந்தப் பேச்சு ஓயவில்லை. பட்டியல் தயாராகிவிட்டது என்பார்கள், அடுத்த மாதம் என்பார்கள், அப்புறம் ஒன்றும் நடக்காது. அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா எங்களிடம் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் இரவு பத்து மணிக்கு வந்தாலும் எங்கே போயிருந்தாய் என்று கேட்க இருவருக்கும் தெம்பில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் அவன் குடிக்கப் பழகினான். கடைசியில் அப்பாவுக்கு வேலை போகவே இல்லை. அதே இடத்தில் ஓய்வு பெற்றார்.

வேலை போவது வேறு, போய்விடுமோ என்று காத்துக் கிடப்பது வேறு. இந்த இரண்டாவதைத் தனியாக ஆராய வழி போட்டவர்கள் கிரீன்ஹால், ரோசன்பிளாட் என்ற இருவர். வேலை ஆட்டம் காணும்போது அதைக் காப்பாற்றிக்கொள்ள நம் கையில் ஒன்றுமில்லை என்ற உணர்வு என 1984இல் அதற்கு வரையறை தந்தார்கள். எங்கள் அப்பாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சரி, அந்த உணர்வு பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980களில் விவசாயம் நொடித்துப்போனது. அதன் பின்னணியில் ராண்ட் காங்கர், கிளென் எல்டர் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1989இல் தொடங்கி 451 குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்தார்கள். பிள்ளைகள் தொடக்கத்தில் ஏழாம் வகுப்பு. பணநெருக்கடி நேராகப் பிள்ளையைக் கெடுப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. முதலில் பெற்றோரின் மனம் சோர்கிறது, அவர்களுக்குள் சண்டை வருகிறது, பிள்ளையிடம் காட்டும் பரிவு குறைகிறது, கண்டிப்பு ஒருநாள் அதிகமாகவும் ஒருநாள் இல்லாமலும் போகிறது. இந்த வயதினரின் குடியையும் காங்கர் குழு 1991இல் இதே வழியில்தான் விளக்கியது. அவர்கள் பார்த்தது வருமான நெருக்கடியை. வேலை பற்றிய பயத்துக்கு அது அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் வழி அதுவாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது ஜூலியன் பார்லிங்கின் ஆய்வுகள். அவர் கனடாவில் பணியாற்றிய உளவியல் ஆய்வாளர். 1998, 1999 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் கல்லூரி மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் கேள்விகள் கேட்டார். பெற்றோரின் வேலை எந்த அளவு பாதுகாப்பானது என்று பிள்ளை என்ன நினைக்கிறது என்பதையும் அளந்தார். அந்த நினைப்புதான் வேலை மீதான பிள்ளையின் நம்பிக்கையை மாற்றியது, படிப்பில் கவனத்தைக் குலைத்து மதிப்பெண்ணையும் பாதித்தது. குடியைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் பெரியவர்கள் மூடிவைத்தாலும் பிள்ளை தானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது என்பது அதில் தெரிகிறது. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இதையெல்லாம் வைத்து உங்கள் மகனுக்கு ஜோசியம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டையே பாருங்கள், அதே மௌனத்தில் வளர்ந்த நான் குடிக்கவில்லை. அண்ணனுக்கு வாய்த்த நண்பர்கள், அந்த வயதில் குப்பி கைக்குக் கிடைத்த சுலபம் எல்லாம் இதில் சேரும். போதாததற்கு, பொருளாதார மந்தம் வந்தால் குடி கூடும் என்ற நம் நினைப்பும் ஆட்டம் காண்கிறது. மந்தக் காலத்தில் குடி குறைகிறது, அதிலும் நிறையக் குடிப்பவர்கள்தான் குறைக்கிறார்கள் என்று கிறிஸ்டோபர் ரூம், வில்லியம் பிளாக் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2002இல் காட்டினார்கள்.

ஐஸ்லாந்தின் கதை இன்னும் சுவாரசியம். அங்கே 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். நடுவில் 2008இல் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன, ஊரெல்லாம் வேலை பயம். அப்போதும் இந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே பெற்றோர்கள் கூடி ஒப்பந்தம் போட்டு, பிள்ளைகள் இரவில் வெளியே சுற்றும் நேரத்தைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியிருந்தது. பிள்ளை எங்கே இருக்கிறது என்று யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் கணவரின் வேலையைப் பற்றி நீங்கள் செய்யக்கூடியது குறைவு. மகனிடம் உள்ளதைச் சொல்லலாம்: இந்தப் பேச்சு ஓடுகிறது, இன்னும் முடிவாகவில்லை, போனால் இத்தனை மாதம் சமாளிப்போம் என்று. இரவு எத்தனை மணிக்கு வருகிறான் என்று கேட்கிற தெம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்கு முடியாத நாளில் நீங்கள் கேளுங்கள், உங்களுக்கு முடியாத நாளில் சித்தியோ மாமாவோ கேட்கட்டும்.

சென்ற வருடம்தான் அண்ணனிடம் இதைப் பற்றி மனம்விட்டுப் பேசினேன். அப்பாவுக்கு வேலை எப்போதோ போய்விட்டது, நம்மிடம் மறைத்துவிட்டு தினமும் சும்மா கிளம்பிப் போகிறார் என்றுதான் அந்த இரண்டு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தானாம்.