கோப்பு வராதபோது வருவது என்ன?

படிவங்களில் கட்டாயமில்லாமல் வைக்கப்படும் கோப்புப் பதிவேற்றம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: உறுப்பினர் பதிவுக்கான படிவம் ஒன்றைப் பிஎச்பி என்ற சர்வர் பக்க நிரல்மொழியில் எழுதியிருக்கிறேன். பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம்; புகைப்படம் விருப்பமிருந்தால் தரலாம். ஆனால் புகைப்படத்தைத் தேர்ந்தெடுக்காமல் சமர்ப்பித்தால், 'இவ்வகைக் கோப்பு ஏற்கப்படாது' என்று என் நிரலே திருப்பி அனுப்புகிறது. கோப்பு வந்திருக்கிறதா என்று, ஒரு மதிப்பு இருக்கிறதா எனச் சொல்லும் இஸ்செட் கட்டளை கொண்டு சோதித்த பிறகுதான் வகையைப் பார்க்கிறேன். அனுப்பாத கோப்பு எப்படி வந்ததாகிறது?

பதில்: இஸ்செட் உங்களை ஏமாற்றவில்லை, ஏதோ ஒன்று வந்திருக்கத்தான் செய்கிறது. பயனர் கோப்புப் புலத்தைத் தொடாமல் விட்டாலும், உலாவி அதைத் தவிர்த்துவிட்டு மற்றப் புலங்களை மட்டும் அனுப்புவதில்லை. உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, சமர்ப்பித்த கோரிக்கையின் மூல வடிவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு புலத்துக்கும் இடையே ஓர் எல்லை வரி இருக்கும். புகைப்படத்துக்குரிய பகுதியில் முதலில் புலத்தின் பெயர். அடுத்து 'ஃபைல்நேம்' என்பதற்கு எதிரே இரண்டு மேற்கோள் குறிகள், அவற்றின் நடுவே ஒன்றுமில்லை. அதற்கடுத்த வரியில் உள்ளடக்க வகை 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்', அதாவது வகை குறிப்பிடாத வெறும் பைட்டுகள். பிறகு ஒரு வெற்று வரி. அதன் கீழே ஒரு பைட்டுகூட இல்லாமல் அடுத்த எல்லை வரி வந்துவிடும். எச்டிஎம்எல் தரநிலையே உலாவிகள் இப்படி அனுப்ப வேண்டும் என்று விதித்திருக்கிறது. உள்ளே தாள் இல்லாத தபால் உறையைப் போன்ற இந்தப் பகுதியைத்தான் உங்கள் நிரல் பிரித்து, அதன் வகை ஜேபெக்கும் இல்லை, பிஎன்ஜியும் இல்லை என்று கண்டு நிராகரிக்கிறது.

பிஎச்பி அந்த உறைக்கும், வந்த கோப்புகளின் விவரங்களை வைக்கும் ஃபைல்ஸ் அணியில் ஓர் இடம் ஒதுக்கிவிடுவதால், இஸ்செட் 'ஆம்' என்றே சொல்லும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த இடத்துக்குள் இருக்கும் 'எரர்' மதிப்பை. அது 4 என்றால் பயனர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. 0 என்றால் கோப்பு முழுதாக வந்து சேர்ந்திருக்கிறது. சிலர் இதற்குப் பதிலாக அளவு 0 பைட்டா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். பயனர் உண்மையிலேயே ஒரு வெற்றுக் கோப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அளவு 0தான். அளவு மீறியதால் பிஎச்பி தள்ளிவிட்ட கோப்புக்கும் அளவு 0 என்றே பதிவாகும். மூன்று வேறு நிலைகளை ஒரே எண்ணால் அளந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

இந்த இடத்தில் பலரும் செய்யும் தவறு, பிழை எண் 0 இல்லையென்றால் கோப்பு தரப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு, புகைப்படமில்லாமலே பதிவைச் சேமித்துவிடுவது. நானும் இதைச் செய்திருக்கிறேன். பிஎச்பியில் ஒரு கோப்புக்கான இயல்பான உச்சவரம்பு 2 எம்பி. பயனர் 5 எம்பி அளவுள்ள படத்தைத் தேர்ந்தெடுத்தால் பிழை எண் 1 வரும். இணைப்பு பாதியில் அறுந்தால் 3. தற்காலிக அடைவு (ஃபோல்டர்) இல்லாவிட்டால் 6. வட்டில் எழுத முடியாவிட்டால் 7. இவை அனைத்திலும் பயனர் படத்தைத் தந்திருக்கிறார், அது வழியிலோ நம் பக்கத்திலோதான் தொலைந்திருக்கிறது. என் நிரலோ 'பதிவு வெற்றி' என்று பச்சை நிறத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது. படம் கட்டாயமாக இருந்திருந்தால் முதல் நாளே யாராவது புகார் செய்திருப்பார்கள். கட்டாயமில்லாததால், படம் ஏன் தெரியவில்லை என்று ஒருவர் கேட்கும்வரை பல மாதங்கள் எனக்கு விஷயமே தெரியாது. ஆகவே 4 வந்தால் அமைதியாக மேலே செல்லுங்கள். 0 வந்தால் வகையையும் அளவையும் சோதியுங்கள். வேறு எந்த எண் வந்தாலும் படிவத்தை நிறுத்திக் காரணத்தைப் பயனருக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு நிலையும் உண்டு. கோரிக்கையின் மொத்த அளவு பிஎச்பியின் போஸ்ட் வரம்பை, அதாவது இயல்பாக 8 எம்பியை, மீறிவிட்டால், ஃபைல்ஸ் அணி மட்டுமின்றி, மற்றப் புலங்களை வைக்கும் போஸ்ட் அணியும் காலியாகவே உங்கள் நிரலுக்கு வரும். அப்போது பெயரைக் கவனமாகத் தட்டச்சு செய்த பயனருக்கு 'பெயரை நிரப்புக' என்ற செய்தி போகும். போஸ்ட் கோரிக்கையின் கன்டென்ட்-லெங்த் தலைப்பு பெரிய எண்ணைக் காட்டியும் இரண்டு அணிகளும் காலியாக இருந்தால், அளவு மீறிவிட்டது என்று கொள்ளலாம். பிஎச்பிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் நின்றால், அதன் இயல்பு வரம்பு 1 எம்பிதான். அது 'அளவு மிகப் பெரிது' எனப் பொருள்படும் 413 என்ற பதிலுடன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், பிஎச்பிக்குச் செய்தியே எட்டாது. மூன்று வரம்புகளையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அமைக்க வேண்டும்.

கேள்வி: நான் பைத்தானில் ஃபிளாஸ்க் என்ற வலைச் சட்டகத்தைப் பயன்படுத்துகிறேன். கோப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒரு படிவத்தில், 'தவறான கோரிக்கை' எனப் பொருள்படும் 400 பிழை வருகிறது. இன்னொரு படிவத்தில், அடைவைக் கோப்பாகத் திறக்க முடியாது என்ற பிழை வருகிறது. இரண்டிலும் ஒரே நிரல்தான்.

பதில்: நிரல் ஒன்றாக இருக்கலாம், படிவங்கள் ஒன்றாக இல்லை. இரண்டாவது படிவத்தில் நடப்பது மேலே சொன்ன வெற்று உறையின் கதையே. ஃபைல்நேம் வெறுமையாக இருப்பதால், அடைவின் பெயரோடு அதைச் சேர்க்கும்போது அடைவின் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது. அதில் எழுத முயன்றால் இயங்குதளம் மறுக்கிறது. ஃபைல்நேம் வெறுமையா என்று சேமிப்பதற்கு முன் சோதித்தால் போதும்.

முதல் படிவத்தில் அந்தப் புலம் கோப்பாகச் சர்வருக்கு வரவில்லை. ஃபார்ம் குறிச்சொல்லில், தரவு அனுப்பப்படும் வடிவத்தைச் சொல்லும் என்க்டைப் பண்புக்கு 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா' என்று குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கோப்புப் புலத்தையும் இந்த வடிவத்தையும் படிவங்களுக்குக் கொண்டுவந்தது 1995 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1867 என்ற இணைய நெறிமுறை ஆவணம்; அதற்கு முன்பிருந்த குறியாக்கமே இன்றும் இயல்பிருப்பாக இருப்பதால், என்க்டைப் குறிப்பிட மறந்தால் உலாவி அந்தப் பழைய முறைக்குத்தான் போகும். அந்த முறையில் கோப்பின் உள்ளடக்கம் போகாது. அதன் பெயர் மட்டும் சாதாரண எழுத்துப் புலத்தைப் போலப் போகும். அதாவது உங்கள் முதல் படிவத்தில் பயனர் கோப்பைத் தேர்ந்தெடுத்தாலும் 400தான் வரும். சோதித்துப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் மூலம் புலத்தை 'டிசேபிள்டு' ஆக்கியிருந்தாலும் அது அனுப்பப்படாது. இந்தப் பிழையைக் கண்டு பயந்து, கோப்பை எடுக்கும் வரியில் சதுர அடைப்புக்குறிக்குப் பதிலாக, புலம் இல்லாவிட்டாலும் பிழை எழுப்பாத 'கெட்' முறையை எழுதிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அது நல்ல பழக்கம்தான், ஆனால் என்க்டைப் இல்லாத படிவத்தில் அது தவற்றை மூடிவைத்து, தரப்பட்ட கோப்பை ஓசையின்றித் தொலைக்கும்.

பைத்தானின் இன்னொரு வலைச் சட்டகமான ஜாங்கோவைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வரி: அது வெற்று உறையைத் தானே தள்ளிவிடுகிறது. படிவத்தில் 'ரெக்வயர்டு' ஃபால்ஸ் என்றும், தரவுத்தள அமைப்பை விவரிக்கும் மாடலில் 'பிளாங்க்' ட்ரூ என்றும் அமைத்தால் போதும். தரவுத்தளத்தில் கோப்பின் பாதை எழுத்துச்சரமாகவே சேமிக்கப்படுவதால் 'நல்' (மதிப்பே இல்லாத நிலை) அனுமதி தேவையில்லை.

கேள்வி: பயனர் தன் விவரப் பக்கத்தில் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்தால், முன்பு ஏற்றிய புகைப்படம் காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: புதிய பதிவில் வெற்றுக் கோப்புக்குப் பொருள் 'இல்லை'. திருத்தும் பக்கத்தில் அதே வெறுமைக்குப் பொருள் 'இருப்பது இருக்கட்டும்'. உங்கள் நிரல் இரண்டுக்கும் ஒரே பொருளைக் கொள்கிறது. கோப்பு வராதபோது புகைப்பட நெடுவரிசையைப் புதுப்பிக்கும் கட்டளையில் சேர்க்கவே கூடாது.

அப்படியானால் படத்தை நீக்க விரும்புகிறவர் என்ன செய்வார்? வெறுமையால் இரண்டு விருப்பங்களைச் சொல்ல முடியாது என்பதால், நீக்குவதற்குத் தனியாக ஒரு தேர்வுப்பெட்டி வேண்டும். ஜாங்கோவின் கிளியரபிள் ஃபைல் இன்புட் என்ற கோப்புப் புலம் இதைத்தான் செய்கிறது: பெட்டியைக் குறித்தால் ஃபால்ஸ் வரும், குறிக்காமல் வெறுமையாக விட்டால் பழைய கோப்பே திரும்பி வரும், பெட்டியையும் குறித்துப் புதிய படத்தையும் தந்தால், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று பயனரிடமே கேட்கும். முரண்பட்ட விருப்பத்தை நாமாக ஊகித்துத் தீர்க்காமல் கேட்டுவிடுவது எனக்குப் பிடித்த வடிவமைப்பு.

படத்தை மாற்றும்போது வரிசையிலும் கவனம் வேண்டும். புதிய கோப்பை, பயனர் வைத்த பெயரில் அல்லாமல், நீங்கள் உருவாக்கிய பெயரில் முதலில் சேமியுங்கள். பிறகு தரவுத்தளத்தைப் புதுப்பியுங்கள். அது உறுதியான பின்னரே பழைய கோப்பை அழியுங்கள். இடையில் எங்கே தவறினாலும், உரிமையாளர் இல்லாத ஒரு கோப்பு வட்டில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பழையதை முதலில் அழித்துவிட்டால், தவறும்போது பயனருக்குப் பழைய படமும் இல்லை, புதியதும் இல்லை.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் கட்டளை மூலம், படிவத் தரவைத் தொகுக்கும் ஃபார்ம்டேட்டாவை அனுப்புகிறேன். கோப்பு இல்லாதபோது சர்வரில் 'அன்டிஃபைன்டு' என்ற சொல்லே மதிப்பாக வந்து சேர்கிறது.

பதில்: 'அப்பெண்ட்' முறை, கோப்பாக இல்லாத எதையும் எழுத்துச்சரமாக மாற்றிவிடும். கோப்புப் பட்டியலின் முதல் உறுப்பு இல்லாதபோது அதன் மதிப்பு அன்டிஃபைன்டு, அதாவது 'வரையறுக்கப்படாதது'. அது ஒன்பது ஆங்கில எழுத்துகளாகிப் பயணிக்கிறது. கோப்பு இருந்தால் மட்டும் சேர்க்கும் ஒரு நிபந்தனையை எழுதுங்கள். கன்டென்ட்-டைப் தலைப்பை நீங்களாக அமைக்க வேண்டாம். எல்லை வரி உலாவிக்கு மட்டுமே தெரியும்.

கேள்வி: கோப்பு கட்டாயமில்லை என்பதால் வகைச் சோதனையைத் தளர்த்தலாமா? எந்த வகைக் கோப்புகள் வேண்டும் என்று சொல்லும் 'அக்செப்ட்' பண்பைத்தான் கொடுத்திருக்கிறேனே.

பதில்: கூடாது. அக்செப்ட் என்பது தேர்வுச் சாளரத்துக்கான குறிப்பு மட்டுமே. கோரிக்கையைக் கையால் எழுதி அனுப்புகிறவரை அது தடுக்காது. உலாவி சொல்லும் வகையையும் நம்பாமல், கோப்பின் உள்ளடக்கத்தைச் சர்வரில் சோதியுங்கள்.

கேள்வி: மின்னஞ்சலில் பிழை இருந்து படிவம் திரும்ப வரும்போது, மற்றப் புலங்கள் நிரம்பியிருக்கின்றன, தேர்ந்தெடுத்த கோப்பு மட்டும் போய்விடுகிறது. அதை எப்படி மீண்டும் நிரப்புவது?

பதில்: நேரடியாக நிரப்ப முடியாது. ஒரு தளம் பயனரின் கணினியிலுள்ள ஏதோ ஒரு பாதையைக் கோப்புப் புலத்தில் தானே எழுதிச் சமர்ப்பிக்க முடிந்தால், எவருடைய கோப்பையும் திருடிவிடலாம். அதனால் உலாவிகள் இதை அனுமதிப்பதில்லை.

கட்டாயமில்லாத கோப்பில் இது கூடுதல் தொல்லை. கட்டாயமாக இருந்தால், இரண்டாம் முறை சமர்ப்பிக்கும்போது படிவமே நினைவூட்டிவிடும். இங்கே பயனர் மின்னஞ்சலைத் திருத்திவிட்டு, படம் ஏற்கெனவே போய்விட்டது என்ற நம்பிக்கையில் சமர்ப்பிக்கிறார். சர்வருக்கு வருவது வெற்று உறை. பிழை எண் 4. எல்லாம் முறைப்படி நடந்து, படமில்லாமல் பதிவு முடிகிறது. முதல் கேள்விக்குச் சொன்ன சோதனைகள் எவையும் இதைப் பிடிக்காது.

முறையான தீர்வு, படம் மட்டும் சரியாக இருந்தால் அதைத் தற்காலிக இடத்தில் சேமித்து, அதற்குரிய ஊகிக்க முடியாத அடையாளச் சொல்லை மறைபுலமாகப் படிவத்தில் வைத்துத் திருப்பி அனுப்புவது. அடுத்த சமர்ப்பிப்பில் அந்தச் சொல் அதே பயனரின் அமர்வுக்கு உரியதுதானா என்று பார்த்துவிட்டு நிரந்தர இடத்துக்கு மாற்றலாம். கைவிடப்பட்டவற்றை ஒரு நாளுக்குப் பின் அழிக்கும் பணியையும் சேர்த்தே எழுத வேண்டும். அவ்வளவு செய்ய நேரமில்லையென்றால், முதல் முறை கோப்பு வந்திருந்ததா என்பதை மட்டும் நினைவில் வைத்து, திரும்பும் படிவத்தில் அந்தப் புலத்துக்கு அருகிலேயே ஒரு வரி காட்டுங்கள்: 'நீங்கள் தேர்ந்தெடுத்த படம் இன்னும் சேமிக்கப்படவில்லை, தயவுசெய்து மீண்டும் தேர்ந்தெடுக்கவும்.'