மாநாட்டுக் கம்பத்தில் மட்டும் வழுக்குகிறதா?

போல் டான்ஸ் (கம்ப நடனம்) பழகும் வீட்டுக் கம்பத்தில் நன்றாக நிற்கும் பிடி போல் டான்ஸ் மாநாட்டு அரங்கில் வழுக்குகிறது, இந்த முறை மூன்று நாளில் ஒன்பது வகுப்பு பதிந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பலத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஓட்டல் அரங்கின் ஏசியில் குரோம் கம்பம் சில்லிட்டுப்போகும், தோலும் வறளும். வறண்ட தோல் குளிர்ந்த குரோமில் ஒட்டாது. வகுப்பு தொடங்குமுன் உள்ளங்கையாலும் தொடையாலும் கம்பத்தைத் தேய்த்துச் சூடாக்குங்கள். உடம்பிலும் லேசாக வியர்வை அரும்பட்டும்.

முந்தைய இரவிலிருந்தே லோஷன் வேண்டாம். கை வியர்ப்பவருக்கு டிரை ஹேண்ட்ஸ் என்ற, கையை உலர வைக்கும் பிடிப்புத் திரவம் சரி: பட்டாணி அளவு எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகே பிடிக்க வேண்டும். வறண்ட கைக்கு அதைப் போட்டால் இன்னும் வழுக்கும். வறண்ட கைக்காரர்களுக்கு ஐடாக் போன்ற பிசுபிசுப்பான பிடிப்புப் பசைதான், அதுவும் துளியளவு. அது கம்பத்தில் படியும் என்பதால் அடுத்தவருக்கு விடும்போது ரப்பிங் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள்.

கம்பத்தின் விட்டத்தையும் அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள். 45 மி.மீ.க்குப் பழகிய சிறிய கைக்கு 50 மி.மீ. வேறு கம்பம் மாதிரியே இருக்கும்.

ஒன்பது வகுப்பு அதிகம். தொடையின் உட்புறமும் முழங்கால் மடிப்பும் முதல் நாளே கன்றிவிடும், அதன்பின் வலியில் பிடி தளரும். கம்பத்தில் தலைகீழாகத் தொங்கும் வகுப்பு நாளுக்கு ஒன்று, காலையில். மதியம் முழங்கால் உறை போட்டுத் தரை நடனம். மோதிரத்தைக் கழற்றி அறையிலேயே வையுங்கள், கம்பத்தில் கீறல் விழும்.